சண்டைக்காரன், கூட்டாளி, பெண்வேடதாரி: விலங்குகளின் மாற்று இணைசேரும் உத்திகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்று இணைசேரும் உத்தி என்றால் என்ன?

ஒரே இனத்து ஆண்கள், ஆனால் ஜோடி சேர ஆளுக்கொரு வழி. அவ்வளவுதான். பல விலங்குகளில் ஆண்கள் முட்டி மோதி, இடம் பிடித்து, தோகையோ கொம்போ காட்டித்தான் பெண்ணைக் கவர்கின்றன. அதே கூட்டத்தில் சில ஆண்கள் அந்தப் போட்டிக்கே போவதில்லை. ஒன்று ஒளிந்திருந்து சமயம் பார்த்துப் பாயும். இன்னொன்று பெரிய ஆணின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு திரியும். வேறொன்று பெண்ணைப் போலவே தோற்றம் கொண்டு உள்ளே நுழைந்துவிடும்.

இவற்றை வெகுகாலம் "தோற்றுப்போன ஆண்கள்" என்றுதான் எழுதினார்கள். சில இனங்களுக்கு அது பொருந்தும், சிலவற்றுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. எது எப்போது பொருந்தும் என்பதற்கான விடை, அந்த வழி எப்படித் தீர்மானமாகிறது என்பதில் இருக்கிறது: பிறவியிலா, வளர்ப்பிலா, இரண்டும் கலந்தா?

இதைப் பேச வந்தாலே எல்லோரும் பேதை உள்ளானைச் சொல்கிறார்களே, ஏன்?

ஏனென்றால் இவ்வளவு தெளிவான உதாரணம் வேறு கிடைப்பது கஷ்டம். பேதை உள்ளான் ஈரநிலங்களில் வாழும் ஒரு கரைப்பறவை. வடக்கு ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் இனப்பெருக்கம் செய்கிறது. கோடையின் தொடக்கத்தில் ஆண்கள் புல்வெளியில் ஓரிடத்தில் கூடும். அங்கே பறவைக்கூடும் இல்லை, இரையும் இல்லை. பெண்கள் வந்து பார்த்து, தேர்ந்தெடுத்து, இணைந்துவிட்டுப் போவதற்கான களம் மட்டுமே. முட்டையிடுவது, குஞ்சைப் பார்ப்பது எல்லாம் பெண்ணின் தனி வேலை.

அந்தக் களத்தில் மூன்று வகை ஆண்கள் உண்டு. முதல் வகையைச் சண்டைக்காரன் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் பெரும்பான்மை. கழுத்தைச் சுற்றி விசிறிபோல் விரியும் இறகுக் காலர், பெரும்பாலும் கறுப்பு அல்லது செம்பழுப்பு. காலடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத் தரை. அதற்குள் இன்னொரு சண்டைக்காரன் கால் வைத்தால் கொத்துத்தான். ஆச்சரியம் என்னவென்றால் இத்தனை ஆட்டமும் கிட்டத்தட்டச் சத்தமே இல்லாமல் நடக்கிறது. குதிப்பது, இறக்கை அடிப்பது, காலரை விரித்து அலகைத் தரையில் ஊன்றிச் சிலையாக நிற்பது, எல்லாம் ஊமைப்படம்.

இரண்டாவது, கூட்டாளி. இதன் காலர் வெள்ளை அல்லது வெளிறியது. இதற்குச் சொந்த இடம் கிடையாது. ஒரு சண்டைக்காரனின் இடத்துக்குள் நுழைந்து பக்கத்தில் பதுங்கி நிற்கும், அவனும் பெரும்பாலும் விட்டுவிடுவான். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து நிற்கும் இடத்துக்குப் பெண்கள் அதிகம் வருவதுதான் காரணம். பெண் வந்த பிறகு யார் முந்துவது என்பது வேறு கதை. மூன்றாவது வகை பெண்வேடதாரி. நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. காலரே முளைப்பதில்லை, நிறமும் பெண்ணுடையதே. களத்தில் பெண்களோடு பெண்ணாக உலவும். ஒரு பெண் இணைசேரத் தயாராகித் தாழ உட்காரும் அந்த நொடியில், சண்டைக்காரன் திரும்புவதற்குள் வேலையை முடித்துவிடும்.

பெண்போலவே இருக்கும் ஆணை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அளவுகோலை வைத்து. பேதை உள்ளானில் ஆண் பெண்ணைவிட நன்றாகவே பெரியது. நெதர்லாந்தில் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு வந்த யோப் யுகேமா, பெண் நிறத்தில் இருந்தும் இறக்கை நீளம் இரண்டுக்கும் நடுவில் நின்ற சில பறவைகளைக் கவனித்தார். அவை ஆண்கள்தான் என்று பரிசோதனையில் உறுதியானது. அதோடு அவற்றின் விந்தகம் மற்ற ஆண்களுடையதைவிடச் சுமார் இரண்டரை மடங்கு பெரிதாக இருந்தது. தேனிஸ் பியர்ஸ்மாவோடு சேர்ந்து 2006இல் இதை வெளியிட்டார்.

விந்தகம் ஏன் பெரிது? திருட்டுத்தனமாகச் சேரும் ஆணுக்கு வாய்ப்பு அரிது. அதே பெண் மற்ற ஆண்களோடும் சேர்ந்திருக்கும். அப்போது போட்டி களத்தில் இல்லை, பெண்ணின் உடலுக்குள் விந்தணுக்களுக்கு இடையில். கொம்பிலும் காலரிலும் செலவழிக்காததை இங்கே செலவழிக்கிறது. மீன்களிலும் வண்டுகளிலும்கூட ஒளிந்து சேரும் ஆண்களிடம் இதே போக்கு அடிக்கடி தெரிகிறது.

வெறும் வயசு வித்தியாசமாக இருக்கலாமே? பிறவியிலேயே முடிவானது என்று எப்படித் தெரியும்?

நியாயமான சந்தேகம். பின்லாந்தில் எடுத்த முட்டைகளைக் கொண்டு கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் டேவிட் லாங்க் ஒரு கூட்டத்தையே வளர்த்தார். தலைமுறை தலைமுறையாக யார் யாருக்குப் பிறந்தது, எந்த வகையாக வளர்ந்தது என்று குறித்துவைத்தார்கள். கூட்டாளி வகை ஒரே மரபிடத்தின், அதாவது குரோமோசோமில் ஒரே இடத்தின், ஓங்கு வடிவத்தால் (ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் வடிவம்) வருகிறது என்று 1995இல் அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த மெண்டலின் பட்டாணிக் கணக்கு அப்படியே பொருந்தியது. பெண்வேடதாரிகளையும் பிறகு கூட்டத்தில் சேர்த்துக் கலந்து பார்த்தார்கள். அதுவும் ஓங்கு வடிவம்தான் என்று 2013இல் தெரிந்தது. ஒரு சண்டைக்காரன் வயதாகிக் கூட்டாளியாக மாறுவதோ, கூட்டாளி கொழுத்துச் சண்டைக்காரனாவதோ கிடையாது.

எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. அந்த மரபிடம் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இல்லை, எனவே பெண்களும் அதைச் சுமக்க வேண்டும். ஆனால் பெண்ணுக்குக் காலர் கிடையாது, களத்தில் ஆட்டமும் கிடையாது. எந்தப் பெண் எந்த வடிவத்தைச் சுமக்கிறது என்று பார்த்தால் தெரியாது. சரி, பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தார்கள். சில நாள்களில் ஆண்களைப் போல ஆட ஆரம்பித்தன, சில வாரங்களில் காலரும் முளைத்தது. சில பெண்கள் சண்டைக்காரனைப் போல இடம் பிடித்தன, சில கூட்டாளியைப் போலப் பதுங்கின. எது எப்படி நடந்துகொண்டது என்பது அதன் குடும்ப மரபோடு ஒத்துப்போனது.

அப்படியென்றால் "கூட்டாளி மரபணு" என்று ஒன்று இருக்கிறதா?

ஒரு மரபணு என்று சொல்வதைவிட ஒரு துண்டு என்று சொல்வது சரி. 2015இன் இறுதியில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. பேதை உள்ளானின் 11ஆம் குரோமோசோமில் சுமார் 45 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி வெட்டுப்பட்டு, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நூறு மரபணுக்கள் அளவுக்கு இருக்கின்றன. சண்டைக்காரனிடம் பழைய, நேரான வடிவம். கூட்டாளியிடமும் பெண்வேடதாரியிடமும் ஒரு பிரதி தலைகீழ், ஒரு பிரதி நேர்.

தலைகீழானதில் என்ன விசேஷம்? விந்தும் முட்டையும் உருவாகும்போது, அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோமும் அம்மாவிடமிருந்து வந்ததும் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் இருந்தால் அந்தப் பகுதியில் மாற்றம் நடப்பது மிக அரிது. அதனால் உள்ளே இருக்கும் மரபணுக்கள் கலையாமல் ஒரே கட்டாகத் தலைமுறை தாண்டுகின்றன. நிறத்தைத் தீர்மானிப்பது, ஹார்மோனைத் தீர்மானிப்பது என எல்லாம் சேர்ந்தே போகும். வெள்ளைக் காலரும் சண்டைக்காரன் குணமும் கலந்த அரைகுறை ஆண் பிறப்பதில்லை. இப்படிப்பட்ட கட்டுக்கு சூப்பர்ஜீன் என்று பெயர்.

இந்தத் திருப்பம் நடந்தது சுமார் 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்று அப்போது கணித்தார்கள். முதலில் வந்தது பெண்வேடதாரி வடிவம். பின்னாளில் எப்போதோ அரிதாக நடந்த துண்டு மாற்றத்தில் நேர் வடிவத்தின் சில பகுதிகள் உள்ளே வர, கூட்டாளி வடிவம் பிறந்தது.

தலைகீழ் பிரதி இரண்டு கிடைத்தால் என்ன ஆகும்?

கரு பிழைக்காது. திரும்பிய துண்டின் ஒரு முனை, செல் பிரிவதற்கு அவசியமான ஒரு மரபணுவின் நடுவிலேயே வெட்டியிருக்கிறது. ஒரு நல்ல பிரதி மீதமிருந்தால் சமாளிக்கலாம், இரண்டும் உடைந்தால் வழியில்லை.

ஹார்மோன் கதை என்ன? டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்பதால்தான் சண்டை போடுவதில்லையா?

பாதி சரி. இனப்பெருக்கக் காலத்தில் சண்டைக்காரனின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய. மற்ற இரண்டு வகையிலும் அது மிகக் குறைவு, பதிலுக்கு ஆண்ட்ரோஸ்டென்டையோன் என்ற சகோதர ஹார்மோன் அதிகம். விந்தகம் சோம்பேறித்தனமாக இருப்பதால் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவற்றின் விந்தகம் நன்றாகவே வேலை செய்கிறது, இல்லாவிட்டால் விந்தே உருவாகாது.

இந்த முடிச்சு 2025இல் அவிழ்ந்தது. அந்தத் தலைகீழ் துண்டுக்குள் ஹெச்எஸ்டி17பி2 என்றொரு மரபணு இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை ஆண்ட்ரோஸ்டென்டையோனாக மாற்றும் நொதியைத் தயாரிப்பது அதன் வேலை. கூட்டாளியிடமும் பெண்வேடதாரியிடமும் இந்த மரபணு ரத்தத்திலேயே மும்முரமாகச் செயல்படுகிறது, நொதியின் வேகமும் கூடுதல். விந்தகத்தில் தேவையான டெஸ்டோஸ்டிரோன் உருவாகிறது, ரத்தத்துக்கு வந்ததும் சிதைக்கப்படுகிறது. விந்தணு உற்பத்தியும் கெடவில்லை, சண்டைக் குணமும் வரவில்லை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கிளெமன்ஸ் குப்பர் குழுவின் வேலை இது. நிறம், உடல் அளவு எல்லாவற்றையும் இந்த ஒரு மரபணுவே விளக்கிவிடும் என்று இதை நீட்டக் கூடாது. கூட்டாளியின் வெள்ளை நிறத்துக்கு அதே துண்டில் இருக்கும் நிறமி மரபணு ஒன்றின் மாற்றம் காரணமாகச் சொல்லப்படுகிறது.

பெண் பறவைகளுக்கு இதில் ஏதாவது நஷ்டம் உண்டா?

உண்டு, இதைப் பலர் கேட்பதே இல்லை. மகனுக்கு லாபம் தரும் அதே துண்டை மகளும் சுமக்கிறாள். கூட்டத்தில் வளர்த்த பறவைகளை நீண்ட காலம் கணக்கெடுத்து 2022இல் வெளியான ஆய்வில், பெண்வேடதாரி வடிவத்தைச் சுமந்த பெண்கள் மற்றவற்றைவிடச் சிறியவை என்றும், முட்டைகளும் சிறியவை என்றும், பிழைக்கும் குஞ்சுகள் குறைவு என்றும் தெரிந்தது. ஆக, அந்த வடிவம் நீடிக்க வேண்டுமானால் ஆண்கள் பக்கம் அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்குக் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். பெண்வேடதாரிகள் இவ்வளவு அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது பொருத்தமாகவே படுகிறது.

பெண் ஏமாற்றப்படுகிறதா?

பெண்வேடதாரி விஷயத்தில் ஏமாறுவது பெரும்பாலும் சண்டைக்காரன்தான். பெண்ணைப் பொறுத்தவரை, பேதை உள்ளானின் முட்டைக் கூடுகளில் பாதிக்கும் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட தந்தையைக் கொண்டவை. களத்தில் கூடும் பறவைகளில் இது மிக அதிகம். பெண் வெறுமனே சும்மா நிற்கும் பரிசுப்பொருள் என்ற பார்வை இங்கே எடுபடாது.

சிறுபான்மை வகைகள் ஏன் அழிந்துவிடவில்லை? அல்லது ஏன் பெரும்பான்மை ஆகவில்லை?

ஒரு உத்தியின் லாபம் அதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெண்வேடம் போடுபவன் ஒருவன் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. களம் முழுக்க வேடதாரிகள் என்றால் பெண்களைக் கவர்ந்து கூட்ட ஆளே இருக்காது. அரிதாக இருக்கும்போது லாபம், பெருகினால் நஷ்டம். அதனால் ஒன்று மற்றதை முழுக்கத் துடைத்தெறிய முடிவதில்லை.

கலிபோர்னியாவில் ஒரு சிறிய பல்லியினம் இதற்குப் பெயர்போனது. ஆண்களின் தொண்டை ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என மூன்று நிறம். ஆரஞ்சு முரட்டு ஆசாமி. பெரிய பரப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்து நீலத்தின் பெண்களையும் பறித்துவிடும். ஆனால் அவ்வளவு பெரிய பரப்பைக் கண்காணிக்க முடியாது, பெண்போல் தோன்றும் மஞ்சள் உள்ளே புகுந்துவிடும். நீலமோ சிறிய இடத்தில் தன் துணையை விட்டு நகராது, மஞ்சளின் வேடம் அங்கே பலிக்காது. கல், காகிதம், கத்தரி விளையாட்டு மாதிரி ஒன்றை ஒன்று வெல்கிறது. எந்த நிறம் அதிகம் என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்றுகொண்டே இருப்பதை பேரி சினர்வோவும் கர்ட்டிஸ் லைவ்லியும் 1996இல் காட்டினார்கள்.

இன்னொன்று, கலிபோர்னியா வளைகுடாவில் கடற்பஞ்சுக்குள் வாழும் ஒரு குட்டி ஓட்டுயிரி. பெரிய ஆண் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பெண்களைக் காக்கும். நடுத்தர ஆண் பெண்போல நடித்து உள்ளே போகும். மூன்றாவது பொடியன், இடுக்கு வழியாக நுழைந்துவிடும். இதுவும் ஒரே மரபிடத்தின் மூன்று வடிவங்கள். ஸ்டீபன் ஷஸ்டர் பல பருவங்களின் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, மூன்று வகையின் சராசரி இனப்பெருக்க வெற்றியும் ஏறக்குறைய ஒன்றுதான். "தோற்றவன்" என்ற பட்டம் இங்கே யாருக்கும் ஒட்டாது.

எல்லா விலங்கிலும் மரபணுதான் முடிவு செய்கிறதா?

இல்லை. சொல்லப்போனால் பேதை உள்ளான் மாதிரி பிறவியிலேயே முடிவாவதுதான் அரிது. பெரும்பாலான இனங்களில் நிலைமை பார்த்துத்தான் வழி அமைகிறது.

சாணி வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்தோஃபாகஸ் வகை வண்டுகள் சில, சாணத்துக்கு அடியில் குழி தோண்டும். பெரிய ஆணுக்குக் கொம்பு இருக்கும், குழி வாசலில் நின்று காவல் காக்கும். சின்ன ஆணுக்குக் கொம்பு கிடையாது. அது பக்கவாட்டில் தனியாக ஒரு சுரங்கம் தோண்டிக் காவல்காரனுக்குக் கீழே போய்ச் சேரும். யாருக்குக் கொம்பு என்பதைத் தீர்மானிப்பது புழுவாக இருந்தபோது கிடைத்த சாணம்; அதாவது அம்மா வைத்துவிட்டுப் போன உருண்டையின் அளவு. ஆனால் மரபுக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எந்த உடல் அளவைத் தாண்டினால் கொம்பு முளைக்கும் என்ற எல்லைக்கோடு மரபுவழியில் வருகிறது. தேர்ந்தெடுத்துக் கலந்தால் அந்தக் கோடு சில தலைமுறையில் நகர்வதை டக்ளஸ் எம்லன் காட்டியிருக்கிறார். மரபா சூழலா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்த வண்டைத்தான் காட்டுவேன்.

நம் பக்கத்தில் ஓர் அழகான உதாரணம் உண்டு. தென்னிந்தியாவின் புதர்க்காடுகளில் ஈகாந்தஸ் ஹென்றியை என்ற சுவர்க்கோழியினப் பூச்சி இருக்கிறது. ஆண் இறக்கையை உரசிப் பாடும், சத்தம் பெரிதாக இருந்தால் பெண் வரும். குரல் சின்னதாக இருக்கும் ஆண் என்ன செய்கிறது? இலை ஒன்றின் நடுவில் கடித்து ஓட்டை போட்டு, அதில் தன்னைப் பொருத்திக்கொண்டு பாடுகிறது. இலை தடுப்பாக நின்று சத்தத்தைக் கூட்டிக் காட்டுகிறது. உடலும் குரலும் சிறிய ஆண்கள்தான் இதை அதிகம் செய்கின்றன என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2020இல் காட்டினார்கள். தனி வகை ஆண் என்று எதுவும் இல்லை. குரலுக்கு ஏற்ப ஒரு ஏற்பாடு.

வேறு எந்த இனங்களில் மரபணுவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்?

மெக்சிகோவின் வாள்வால் மீன்களில் சிலவற்றில் பெரிய ஆண் ஆடிக் காட்டும், சிறிய ஆண் ஒளிந்து பாயும். பசியையும் வளர்ச்சியையும் கட்டுப்படுத்தும் எம்சி4ஆர் என்ற மரபணு பெரிய ஆண்களின் ஒய் குரோமோசோமில் பல பிரதிகளாக இருக்கிறது. அதனால் வயதுக்கு வருவது தள்ளிப்போய் உடல் பெரிதாகிறது. இது 2010இல் தெரிந்தது.

வட அமெரிக்காவின் வெண்தொண்டைக் குருவியில் இரண்டாம் குரோமோசோமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை வளைத்துப்போட்ட ஒரு தலைகீழ் பகுதி உண்டு. வெள்ளைப் பட்டைத் தலையுள்ளவை சண்டைக் குணம் அதிகம், பிற துணையையும் தேடும். பழுப்புப் பட்டையுள்ளவை குஞ்சு வளர்ப்பில் அக்கறை காட்டும். ஆண், பெண் இரண்டிலுமே இது உண்டு. வெள்ளை கிட்டத்தட்ட எப்போதும் பழுப்போடுதான் ஜோடி சேர்கிறது, விதிவிலக்கு மிகச் சொற்பம்.

ஹவாயின் காவாய் தீவில் பாடும் ஆண் சுவர்க்கோழிகளைச் சத்தத்தை வைத்தே தேடிவந்து ஓர் ஒட்டுண்ணி ஈ தன் புழுக்களை அவற்றின் மீது விடுகிறது. எக்ஸ் குரோமோசோமில் நடந்த ஒரு மாற்றத்தால் இறக்கையில் உரசும் அமைப்பே இல்லாத ஊமை ஆண்கள், 20 தலைமுறைக்குள் பெரும்பான்மை ஆகிவிட்டன. ஊமை ஆண் எப்படிப் பெண்ணைப் பிடிக்கும்? மிச்சமிருக்கும் பாடகனின் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும்.

மனிதர்களிலும் "ஆல்பா", "பீட்டா" ஆண்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே?

சமூக ஊடகத்தில் சொல்கிறார்கள். மேலே பார்த்த சூப்பர்ஜீன் போன்ற எதுவும் மனித ஆண்களை வகை பிரிப்பதாகக் காட்டப்படவில்லை. அந்தக் கடற்பஞ்சு உயிரியின் மூன்று ஆண்களுக்கு ஆல்பா, பீட்டா, காமா என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேயே ஆல்பாவுக்குச் சராசரியில் கூடுதல் லாபம் இல்லை என்பதைக் காணொளி போடுபவர்கள் கவனித்தால் நல்லது.

பேதை உள்ளானைத் தமிழ்நாட்டில் பார்க்க முடியுமா?

முடியும். குளிர்காலத்தில் கோடியக்கரை போன்ற ஈரநிலங்களுக்கு வலசை வரும். ஆனால் காலரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அது இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டும் முளைப்பது. இங்கே வரும்போது ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி மங்கிய பழுப்பு. சின்னத் தலை, நீண்ட கழுத்து, முதுகில் செதில் செதிலாகத் தெரியும் இறகு, இவற்றை வைத்து அடையாளம் காணலாம். ஒரே கூட்டத்தில் அளவு மட்டும் பெரிதும் சிறிதுமாக இருந்தால் பெரியது ஆண். இரண்டுக்கும் நடுவில் ஒன்று தெரிந்தால் பெண்வேடதாரி என்று உடனே பதிவு போட்டுவிடாதீர்கள். கையில் பிடித்து அளந்து, ரத்த மாதிரி எடுத்துப் பார்க்காமல் தொலைநோக்கியில் அதைச் சொல்ல முடியாது.